உலக முடிவிலிருந்து தெரியும் கடல்

லண்டனில் வாழும் பழைய நண்பர் ஒருவர் கிரேக்கத் தீவொன்றில் பத்து நாட்கள் தங்கித் திரும்பியதைப் பற்றி மின்னஞ்சல் எழுதியிருந்தார். கூட்டம் அதிகம் போகாத சிறிய தீவு. வெள்ளையடித்த வீடுகள், கரையோரத்தில் ஓர் அமைதியான விடுதி, செய்வதற்கு வேலை எதுவும் இல்லாத பகல்கள். பல வருடக் களைப்பு அந்தப் பத்து நாட்களில் இறங்கிவிட்டது என்று எழுதியிருந்தார். கடிதத்தின் முடிவில் ஒரு கேள்வி. அடுத்த விடுமுறைக்குக் குடும்பத்துடன் இலங்கைக்கு வருகிறாராம். பட்டிப்பொலவில் இறங்கி ஹோர்ட்டன் சமவெளியைப் பார்த்துவிட்டு, பின்னர் கிழக்குக் கரையில் நான்கு நாட்கள் கடலோரத்தில் தங்க எண்ணம். எப்படிப் போவது நல்லது என்று கேட்டிருந்தார்.

போகும் வழியை அவருக்குத் தனியே எழுதிவிட்டேன். அவர் கேட்காத வேறொரு கேள்வி மட்டும் என்னைவிட்டு அகலவில்லை. கடலோரத்தில் வாழ்பவர் மலைக்கு வருகிறார். கடல் கடந்து வாழ்பவரும் மலைக்கு வருகிறார். மலையில் வாழ்பவர் களைப்பாற எங்கே போகிறார்?

பட்டிப்பொலவை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். நானுஓயாவிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் பாதையில், அம்பேவெலவுக்கும் ஒஹியவுக்கும் இடையில் இருக்கிறது இந்தச் சிறிய ரயில் நிலையம். இலங்கையின் ரயில் நிலையங்களுள் மிக உயரத்தில் அமைந்தது இதுவே. இங்கிருந்து ஒஹிய பக்கமாகச் சற்றுத் தூரம் போனால் கடல் மட்டத்திலிருந்து 6,226 அடி உயரத்தில் பாதையின் உச்சி வருகிறது. அதற்குப் பின் இறக்கம்தான். குளிர், மூடுபனி, யூக்கலிப்டஸ் மரங்கள், மரக்கறித் தோட்டங்கள், பால் பண்ணைக்குரிய புல்வெளிகள். இதற்குக் கீழே நானுஓயா பக்கமும் ஹப்புத்தளை பக்கமும் தேயிலை மலைகள் விரிகின்றன. ஹோர்ட்டன் சமவெளித் தேசிய வனத்தின் வாயில்களில் ஒன்று பட்டிப்பொல பக்கம் இருப்பதால் விடியுமுன்பே வேன்கள் இவ்வழியே ஏறத் தொடங்கிவிடும். பத்து மணிக்குப் பிறகு பனி மூடிவிடும் என்பதால் எல்லோருக்கும் அவசரம்.

அவர்கள் விரைந்து போவது ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறையைக் காண. ஏறத்தாழ 870 மீற்றர் கீழே நிலம் விழுகிறது. வானம் தெளிந்த காலை வேளையில் அங்கே நின்று தெற்கே நோக்கினால் சமவெளிகளுக்கு அப்பால் கடல் ஒரு கோடாகத் தெரியும். நாட்டின் மிக உயரமான ரயில் நிலையத்தின் அருகிலிருந்தே அந்நாட்டின் கடலைப் பார்த்துவிடலாம். இத்தீவு அவ்வளவு சிறியது. எனவே மலையகத்தாரைக் கடலிலிருந்து பிரித்து வைத்திருப்பது தூரம் என்று யாரும் சொல்ல முடியாது.

மலையகம் ஓய்வுக்குரிய இடமாக மாறிய வரலாற்றைப் பார்த்தால் விஷயம் விளங்கும். 1819இல் டாக்டர் ஜோன் டேவி நுவரெலியாவுக்கு வந்தார். அதன் குளிர்ந்த காற்றைப் பற்றிக் கேள்வியுற்ற ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், 1820களில் அதனைப் பிரித்தானியப் படையினர் நோய் தீர்ந்து தேறும் இடமாக்கினார். காய்ச்சலிலிருந்து தேற 1840களில் வந்த சாமுவெல் பேக்கர் அந்த இடத்தில் மனம் பறிகொடுத்து, ஆங்கிலேயக் கிராமமொன்றையே அங்கே உருவாக்க முயன்றார். பின்னர் 1876இல் ஹில் கிளப், 1889இல் கோல்ஃப் மைதானம். ஆக, தேயிலை மலையை மூடுவதற்கு முன்பே ஓய்வு அங்கே குடியேறிவிட்டது. சமவெளியின் வெயிலில் களைத்த ஆட்சியாளர் இளைப்பாற மலை வேண்டும் என்பதில் அன்று யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

அந்த ஓய்விடத்துக்குச் செல்லும் வீதிகளை அமைத்தவர்கள், கோப்பிக்கும் தேயிலைக்கும் காடு வெட்டியவர்கள், 1885இல் நானுஓயாவையும் 1893இல் ஹப்புத்தளையையும் எட்டிய இரும்புப் பாதைக்கு மலை குடைந்தவர்கள் ஆகியோரில் பெரும் பகுதியினர் தமிழகத்திலிருந்து வந்த உழைப்பாளிகள். அவர்களுக்குக் கிடைத்தது பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறை. மற்றவர் இளைப்பாறும் மலையில் அவர்கள் களைத்தார்கள்.

இன்றும் இந்த அமைப்பு அடியோடு மாறிவிடவில்லை. ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவில் ‘சீசன்’. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, வீதி அடைத்த வாகனங்கள். துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் பல இன்று உல்லாச விடுதிகள். கந்தப்பொலவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையே 1996இல் ஹோட்டலாகியது. கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிப் படம் பிடித்துக்கொள்ளவும் உல்லாசப் பயணிகளுக்கு வசதி செய்து கொடுக்கிறார்கள். இவற்றையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. சுற்றுலா வேலை தருகிறது, அந்நியச் செலாவணி தருகிறது. ஆனால் கூடை சிலருக்கு ஐந்து நிமிடப் படமாகவும் சிலருக்கு முப்பது வருட முதுகு வலியாகவும் இருப்பதை ஒரு பத்திரிகைக்காரன் காணாமல் இருக்க முடியாது.

பத்திரிகைகளும் இதில் பங்காளிகளே. உல்லாசப் பயணச் சிறப்பிதழ்கள் எத்தனை வந்திருக்கின்றன! பச்சை மலை, நீர்வீழ்ச்சி, புன்னகைக்கும் கொழுந்துப் பெண். அந்தப் பெண் படத்தில் இருப்பார். வாசகராக அங்கே கருதப்படமாட்டார். எந்தச் சிறப்பிதழும் அவரை நோக்கி ‘நீங்கள் இந்த விடுமுறைக்கு எங்கே போகலாம்’ என்று எழுதியதை நான் கண்டதில்லை.

சரி, கடலுக்கும் மலையக மக்களுக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. அது வேறு விதமான தொடர்பு. முன்னோர்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர் ஆயிரக்கணக்கானோர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. அரை நூற்றாண்டின் பின் திசை மாறியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும், மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று கணக்குப் பிரித்தது. மிஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ‘அழுகைக் கோச்சி’. உறவுகளைப் பிரிந்து தலைமன்னார்த் துறையில் நின்றபோதுதான் பலர் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைக் கண்டார்கள். அது பார்த்து மகிழும் கடலாக இருக்கவில்லை.

2023இல் இருநூறு ஆண்டு நிறைவையொட்டி ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தது. ஜூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி முடிந்தது. முன்னோர் பட்ட துயரை நினைவுகூர்ந்த நல்ல முயற்சி. துயரை நினைக்கக் கடற்கரைக்குப் போன சமூகத்துக்கு, சும்மா இருக்கக் கடற்கரைக்குப் போகும் நாளும் வர வேண்டாமா?

இவ்விடத்தில் எதிர்க் கேள்வி வரும் என்பதை அறிவேன். சம்பளம் போதவில்லை, காணி இல்லை, வீடு இல்லை. இதில் விடுமுறை ஒரு கேடா என்பார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டதையும், மண்சரிவில் குடும்பங்கள் புதையுண்டதையும், ரயில் பாதை பல இடங்களில் சிதைந்ததையும் சுட்டிக்காட்டுவார்கள். பாதுகாப்பான காணியும் வீடுமே முதல் தேவை என்பதில் எனக்கு எள்ளளவும் மறுப்பில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘முதலில் இது, பிறகு அது’ என்று சொல்லிச் சொல்லியே இந்த மக்களின் தேவைகள் இருநூறு ஆண்டுகளாகப் பின்னுக்குத் தள்ளப்பட்டன. பிரஜாவுரிமைப் பிரச்சினை தீரட்டும் என்றார்கள். அது முழுமையாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு சம்பளம் என்றார்கள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாவதற்கு 2021 ஆயிற்று. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாகியது. அதனை 1,550 ரூபாயாக்கி, அரசு 200 ரூபாய் வரவு ஊக்குவிப்பும் சேர்க்கும் என்று 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் பல வருடப் போராட்டம்.

உண்மையில் ஓய்வும் சம்பளப் பிரச்சினையின் ஒரு பகுதியே. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். கொழுந்தின் எடை நிர்ணயித்த அளவை எட்டாவிட்டால் அரைப்பேர். பல தோட்டங்களில் அந்த அளவு 18 கிலோ வரை போகிறது. இவ்வாறு நாளையும் அரை நாளையும் எண்ணி வாழும் குடும்பம் மூன்று நாட்கள் வெளியே போவதென்றால் பஸ் கட்டணம் மட்டுமா செலவு? சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுமுறைக்குச் சட்டத்தில் இடமுண்டு. முந்திய ஆண்டில் வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டு அது வழங்கப்படுகிறது. ஆனால் கடன் தீர்ப்பதற்கே போதாத கையில் விடுமுறைச் சம்பளம் விடுமுறையாக நிற்பதில்லை. பண்டிகையின் கதையும் அதுதான். தீபாவளி முற்பணம் வாங்கிப் புத்தாடை எடுப்பார்கள். பின்னர் மாதாமாதம் சம்பளத்தில் கழியும். மகிழ்ச்சியையும் தவணை முறையில் அடைக்க வேண்டிய வாழ்க்கை.

பெண்களின் நிலை இன்னும் ஒரு படி கீழே. மலையில் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பினால் விறகு, தண்ணீர், அடுப்பு, பிள்ளைகள். ஞாயிறு என்பது அவர்களுக்குத் துணி துவைக்கும் நாள். வீட்டில் இருந்தபடி ஓய்வெடுப்பது அவர்களுக்கு இயலாத காரியம். வீட்டை விட்டு வெளியே போனால் மட்டுமே, வேறொருவர் சமைத்த சோற்றை உட்கார்ந்து உண்டால் மட்டுமே, அது ஓய்வு.

மலையக மக்கள் எங்கும் போவதில்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. போகிறார்கள். சீட்டுப் பிடித்துப் பணம் சேர்த்து, வேனோ பஸ்ஸோ வாடகைக்கு அமர்த்தி, கதிர்காமம் போகிறார்கள். சிவனொளிபாத மலை ஏறுகிறார்கள். திருகோணமலையில் கோணேசரைக் கும்பிடுகிறார்கள். தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகிறார்கள். சட்டி பானையும் அரிசியும் வண்டியிலேயே போகும். வழியில் ஆற்றங்கரையில் சமையல். இரவு வண்டியிலேயே தூக்கம். கடல் தென்பட்டால் பிள்ளைகள் உடுத்த உடையோடு இறங்கிவிடுவார்கள். மறுநாள் பெரட்டுக்கு நிற்க வேண்டும் என்பதால் அவசரமாகத் திரும்ப வேண்டும். இந்த மக்களுக்குப் பயண ஆசை இல்லை என்பவர்கள் அந்த வண்டிகளிலிருந்து வரும் பாட்டுச் சத்தத்தைக் கேட்டதில்லை. தங்கும் வசதியும் நேரமும்தான் இல்லை. இன்னொரு வகையாலும் கடலோரம் போகிறவர்கள் உண்டு: கரையோர ஹோட்டல்களில் அறை துப்புரவு செய்யவும் பாத்திரம் கழுவவும் போகும் மலையகத்து இளைஞர்கள்.

உழைப்பவருக்கு ஓய்வு உரிமை என்பது எனது கற்பனையல்ல. 1936 ஜூனில் பிரான்ஸ் தன் தொழிலாளர் அனைவருக்கும் இரு வாரச் சம்பள விடுமுறையைச் சட்டமாக்கியது. சட்டத்தோடு நில்லாமல், லியோ லக்ராஞ்ச் என்ற துணை அமைச்சரின் முயற்சியால் ரயில் கட்டணத்தையும் 40 சதவீதம் குறைத்தது. அந்தக் கோடையில் ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் பல வாழ்வில் முதன்முறையாகக் கடலைக் கண்டன. அதே ஆண்டில் சர்வதேசத் தொழில் தாபனமும் சம்பள விடுமுறைக்கான சமவாயத்தை நிறைவேற்றியது. 1948 டிசம்பர் 10ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரை, ஓய்வும் சம்பளத்துடன் கூடிய காலாந்தர விடுமுறையும் ஒவ்வொரு மனிதருக்கும் உரியது என்கிறது. அதற்குச் சரியாக 25 நாட்களுக்கு முன், நவம்பர் 15ஆம் திகதி, இலங்கையில் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. உலகம் மனிதனின் ஓய்வைப் பற்றிப் பேசத் தொடங்கிய வேளையில் நாம் அவர்களை மனிதக் கணக்கிலிருந்தே விலக்கிக்கொண்டிருந்தோம்.

என் நண்பர் போய் வந்த கிரேக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே தீவுகள் அந்நியப் பயணிகளுக்கு மட்டும் என்று விடப்படவில்லை. 1931இல் தோன்றிய ‘எர்காத்திகி எஸ்தியா’ என்ற தொழிலாளர் நல நிறுவனம், தொழிலாளரிடமும் முதலாளிமாரிடமும் திரட்டிய பங்களிப்பைக் கொண்டு உழைக்கும் குடும்பங்களை விடுமுறைக்கு அனுப்பியது. 2012இல் கடன் நெருக்கடியின்போது அந்த நிறுவனம் மூடப்பட்டது. ஆனால் ‘சமூகச் சுற்றுலா’ அத்துடன் முடிந்துவிடவில்லை. வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அரச நிறுவனம் அதனை ஏற்று நடத்துகிறது. குறைந்த வருமானமுள்ள தொழிலாளிக்கும் வேலையற்றவருக்கும் விடுதிச் சீட்டு கிடைக்கிறது. தங்கும் செலவின் பெரும் பங்கை நிறுவனம் விடுதிக்காரருக்குச் செலுத்துகிறது. அகதிகள் வந்திறங்கிய நெருக்கடியால் சுற்றுலா வருவாய் இழந்த லெஸ்வோஸ், கியோஸ், சாமோஸ், லெரோஸ், கோஸ் தீவுகளுக்குப் போவோருக்கு மேலதிகச் சலுகை. தொழிலாளிக்கு ஓய்வு, தீவாருக்கு வருமானம். கடனில் மூழ்கிய நாடு ஒன்றால் இதைச் செய்ய முடிந்தது என்பதை, 2022இல் கடன் செலுத்த இயலாது என்று அறிவித்த நாட்டின் பிரஜைகளாகிய நாம் கவனிக்க வேண்டும்.

இலங்கைக்கும் இந்த எண்ணம் புதியதன்று. அரச ஊழியருக்கு விடுமுறைப் பயணத்துக்கு ரயில் ஆணைச்சீட்டு உண்டு. வாரண்ட் என்றால் எல்லோருக்கும் தெரியும். அமைச்சுகள், வங்கிகள், கூட்டுத்தாபனங்கள், படைப்பிரிவுகள் எனப் பலவும் தம் ஊழியர் குறைந்த கட்டணத்தில் தங்குவதற்கு நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் விடுமுறை விடுதிகள் வைத்திருக்கின்றன. கொழும்பு எழுதுவினைஞருக்கு மலையில் ஓர் அறை வேண்டும் என்று நாடு ஒப்புக்கொண்டுவிட்டது. மலையின் கொழுந்து பறிப்பவருக்கு நிலாவெளியில் ஓர் அறை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்வதில் என்ன தடை?

எனவே கேட்கிறேன். தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது ரயில் வாரண்ட் வழங்கலாம். கோப்பியையும் தேயிலையையும் ஏற்றிச் செல்லவே அமைத்த பாதை அது. அதே பாதை வழியே பொல்கஹவெலவுக்கு இறங்கி, மாகோவிலும் கல்லோயாவிலும் திரும்பினால் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் ரயில் உண்டு. பெருந்தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் அரசும் சேர்ந்து கிழக்குக் கரையில் இரண்டு மூன்று விடுமுறை இல்லங்களை அமைக்கலாம். ஆடம்பரம் வேண்டாம். சுத்தமான அறை, சமைத்துப் போடும் உணவு, கடற்கரைக்கு நடக்கும் தூரம் போதும். ஹோட்டல் சுவர்கள் கரையை அடைத்துக்கொண்டு போவதாகக் கவலைப்படும் அப்பகுதி மீனவக் குடும்பங்களுக்கே அந்த இல்லங்களின் சமையலையும் பராமரிப்பையும் கொடுக்கலாம். ஹோர்ட்டன் சமவெளியில் வெளிநாட்டாரிடம் அறவிடும் நுழைவுக் கட்டணத்திலிருந்தோ, மலையக விடுதிகள் செலுத்தும் வரியிலிருந்தோ ஒரு சிறு பங்கு போதும். மலையைப் பார்க்க வருபவரின் பணத்தில் மலையார் கடலைப் பார்ப்பது நியாயமான கொடுக்கல் வாங்கல்தானே.

புலம்பெயர்ந்த நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊருக்கு வாருங்கள்; மலைக்கும் கடலுக்கும் போங்கள்; நன்றாக இளைப்பாறுங்கள். உழைத்த உங்களுக்கு அது தகும். பட்டிப்பொலவுக்குப் போகும் வழியில் தேயிலைச் சரிவில் கையசைப்பவர்களுக்கும் அது தகும். அங்குள்ள பாடசாலைகளுக்குக் கணினியும் கொப்பியும் வாங்கிக் கொடுப்பவர்கள் உங்களுள் பலர் இருக்கிறீர்கள். அடுத்த முறை ஒரு வகுப்புப் பிள்ளைகளையும் அவர்களின் தாய்மாரையும் மூன்று நாட்கள் கடற்கரைக்கு அனுப்பும் செலவை ஏற்றுப் பாருங்கள். அதுவும் கல்விதான்.

தொழிற்சங்கத் தலைவர்கள் அடுத்த பேச்சுவார்த்தைக்குக் கோரிக்கைப் பட்டியல் தயாரிக்கும்போது, சம்பளம், காணி, வீடு என்ற வரிசைக்குக் கீழே ஓய்வு என்ற சொல்லையும் எழுத வேண்டும். கடைசி இடத்தில் இருந்தாலும் பரவாயில்லை. எழுதாத கோரிக்கை ஒருபோதும் மேசைக்கு வராது.